நின்ற என்ஜின் ஆறிய என்ஜின் அல்ல

(வானொலியில் உழவர்களுக்கான உரை)



அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து மானாவாரிக் கரிசலில் களை எடுப்பு என்றால் ஒரு காலத்தில் களைக்கொத்தும் பத்துப் பெண்களும்தான். இப்போது அப்படி இல்லை. புரட்டாசி, ஐப்பசியில் மழை பெய்து மக்காச்சோளமும் பருத்தியும் ஒரு சாண் எழும்பும்போது களையும் கூடவே எழும்பி விடுகிறது. அந்த நேரம் பார்த்து ஆள் கிடைப்பதில்லை. அதனால் பவர் வீடர் வந்தது. பொழியில் புல் வெட்டவும் சீமைக்கருவேலைச் செடியைக் கழிக்கவும் பிரஷ் கட்டர் என்கிற புல் வெட்டும் மெஷின் வந்தது. மருந்தடிக்க பவர் ஸ்பிரேயர் வந்தது. 2014-15-ல் தொடங்கிய வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தின் மூலம் மானியமும் கிடைத்ததால், ஊருக்கு ஒன்று என்றிருந்த மெஷின் தெருவுக்கு ஒன்று என்றாகி விட்டது. நல்ல காரியம்தான். அதை நான் குறை சொல்ல வரவில்லை.

ஆனால் மெஷினோடு கூடவே இன்னொன்றும் நம் காட்டுக்குள் வந்திருக்கிறது. அது தீக்காயம். நம் விருதுநகர் மாவட்டத்தில் தீக்காயம் என்றால் எல்லோருக்கும் சிவகாசிப் பட்டாசுதான் ஞாபகத்துக்கு வரும். களை எடுக்கிற மெஷினாலும் காயம் வரும் என்று யாரும் நினைப்பதில்லை. பிளேடு வெட்டி விடுமோ, கல் தெறித்துக் கண்ணில் படுமோ என்றுதான் பயப்படுகிறோம். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் பிளேடு சுற்றும்போதுதான் வெட்டும். நிறுத்தி விட்டால் அதன் வேலை முடிந்தது. சூடு அப்படியல்ல. சுவிட்சை அணைத்த பிறகும் அது அங்கேயே இருக்கிறது. இன்றைக்கு நான் சொல்ல வந்தது இந்த ஒரு விஷயம்தான்: நின்ற என்ஜின், ஆறிய என்ஜின் அல்ல.

மோட்டார் சைக்கிள் சைலன்சரில் கெண்டைக்கால் பட்ட தழும்பு இல்லாத ஆள் நம் ஊரில் குறைவு. வண்டி ஓடும்போதா அது சுட்டது? பெரும்பாலும் வண்டியை நிறுத்தி இறங்கும்போதுதான் சுட்டிருக்கும். அதே கதைதான் வயக்காட்டு மெஷினிலும் நடக்கிறது.

எவ்வளவு சூடு என்று கொஞ்சம் பார்ப்போம். மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்ற இரண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 1947-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். எவ்வளவு சூடு எவ்வளவு நேரம் பட்டால் தோல் வெந்து போகும் என்பதே ஆய்வு. 44 டிகிரி சென்டிகிரேடு சூடு என்றால் சுமார் 6 மணி நேரம் தாங்கும். 60 டிகிரி என்றால் சுமார் 5 விநாடி. 70 டிகிரி என்றால் ஒரே விநாடி. ஒரு மணி நேரம் ஓடிய பெட்ரோல் என்ஜினின் சைலன்சர் 200 டிகிரிக்கு மேல் சூடேறுவது சர்வ சாதாரணம். கையை எடுக்க வேண்டும் என்று மூளை நினைப்பதற்குள் தோல் வெந்து விடுகிறது.

இதில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. காற்றால் குளிரும் சிறிய என்ஜினில் ஒரு விசிறி இருக்கிறது. என்ஜின் ஓடுகிற வரைக்கும் அந்த விசிறி காற்றை அடித்துச் சூட்டைத் தள்ளிக்கொண்டே இருக்கும். என்ஜினை நிறுத்தினால் விசிறியும் நின்று விடும். ஆனால் சிலிண்டருக்குள் அடைந்திருக்கிற சூடு எங்கே போகும்? மெல்ல மெல்ல வெளியே வரும். அதனால் நிறுத்திய முதல் சில நிமிடங்களில் வெளிப்பக்கத்துச் சில பாகங்கள் முன்னைவிடச் சூடாகக்கூட ஆகும். சத்தம் அடங்கி விட்டதே என்று நாம் கையை வைப்பதும், பெட்ரோல் மூடியைத் திறப்பதும் சரியாக அந்த நேரத்தில்தான்.

இனிப் பெட்ரோலுக்கு வருவோம். தொட்டுச் சுடுகிற காயம் ஒரு கைக்கோ காலுக்கோ போகும். பெட்ரோல் பற்றினால் ஆளே போய் விடுவார்.

மேலைநாடுகளில் வீட்டு முன் புல்தரையை வெட்ட இதே மாதிரி பெட்ரோல் மெஷின்கள் இருக்கின்றன. அங்குள்ள தீக்காய மருத்துவர்களும் இரண்டு விதக் காயங்களைத்தான் சொல்கிறார்கள். சின்னப் பிள்ளைகள் சைலன்சரைத் தொட்டுச் சுட்டுக் கொள்கிறார்கள். பெரியவர்கள் சூடான மெஷினில் பெட்ரோல் ஊற்றப் போய் எரிந்து போகிறார்கள். ஊர் வேறே தவிர, காரணம் ஒன்றுதான்.

பெட்ரோல் எரிவதில்லை, பெட்ரோலின் ஆவிதான் எரிகிறது. மண்ணெண்ணெயும் டீசலும் கொஞ்சம் சூடானால்தான் எரியக்கூடிய ஆவி விடும். பெட்ரோல் அப்படியல்ல, உறைகிற குளிரிலும் ஆவி விட்டுக்கொண்டே இருக்கும். நம் பங்குனி, சித்திரை வெயிலில் கேட்கவே வேண்டாம். அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. புகை மாதிரி மேலே போகாது. தண்ணீர் மாதிரி தரையோடு தவழ்ந்து பள்ளத்தில், சாலுக்குள், வரப்போரத்தில் தேங்கி நிற்கும். கண்ணுக்கும் தெரியாது. பத்தடி தள்ளி ஒருவர் பீடி பற்ற வைத்தாலும் அங்கிருந்து நெருப்பு இங்கே ஓடி வரும்.

பீடியே இல்லாவிட்டாலும் கொதிக்கிற சைலன்சர் போதும். பெட்ரோல் தானாகவே பற்றிக்கொள்ள சுமார் 250 முதல் 280 டிகிரி சூடு வேண்டும். பாரம் இழுத்து ஓடிய சைலன்சர் அந்தச் சூட்டை எட்டக்கூடும். சொட்டுச் சொட்டாகச் சிந்திய பெட்ரோல் அதன் மேல் பட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. "நம்முடையது டீசல் ஆயில் என்ஜின், பயமில்லை" என்று சிலர் சொல்வதுண்டு. அதுவும் தப்பு. தானாகப் பற்றிக்கொள்ளும் சூடு டீசலுக்குப் பெட்ரோலைவிடக் குறைவுதான். சூடான சைலன்சர் குழாயில் டீசல் ஒழுகினால் அதுவும் பற்றும்.

இதைச் சொன்னால் சிலர் இப்படிக் கேட்கிறார்கள்: "ஐயா, நீங்க சொல்றது சரிதான். ஆனா மெஷினு வாடகை மெஷினு. மணிக்கு இவ்வளவுன்னு ஓடுது. ஈரம் காயறதுக்குள்ள முடிக்கணும். ஆறட்டும் ஆறட்டும்னு உட்கார்ந்திருந்தா யாரு காசு குடுக்கறது?"

நியாயமான கேள்வி. மானாவாரிக்காரனுக்கு ஒவ்வொரு மணி நேரமும் காசு என்பது எனக்குத் தெரியும். அதனால் காசும் போகாமல், தோலும் போகாமல் இருக்க வழி சொல்கிறேன்.

முதலாவது, வாடகை பேசும்போதே இதையும் பேசி விடுங்கள். பெட்ரோல் ஊற்ற ஆற வைக்கிற நேரம் கணக்கில் வராது என்று சொல்லி விடுங்கள். அதைவிட நல்லது, மணிக் கணக்கை விட்டு ஏக்கர் கணக்காகப் பேசுவது. அப்போது மெஷின்காரருக்கும் அவசரம் இருக்காது, உங்களுக்கும் இருக்காது. மெஷின்காரரும் கூலிக்கு வந்தவர்தான். எரிந்தால் முதலில் எரிவது அவர் உடம்பு.

இரண்டாவது, வீட்டிலிருந்து கிளம்பும்போதே, என்ஜின் குளிர்ந்திருக்கும்போதே டேங்கை நிரப்பிக்கொண்டு போங்கள். கழுத்து வரை ஊற்றாமல் ஒரு விரற்கடை குறைவாக விடுங்கள். வெயிலில் பெட்ரோல் விரியும், இடம் வேண்டும்.

மூன்றாவது, புல் வெட்டும் மெஷினின் டேங்க் பெரும்பாலும் ஒரு லிட்டர் அளவுதான். அது தீருகிற நேரத்தை உங்கள் ஓய்வு நேரமாக வைத்துக்கொள்ளுங்கள். டேங்க் தீர்ந்ததா? மெஷினை வெறுந்தரையில் இறக்கி வையுங்கள். கஞ்சி குடியுங்கள், தண்ணீர் குடியுங்கள், பிளேடுக்குப் பதிலாக மாட்ட வேண்டிய நரம்பை எடுத்து வையுங்கள், நிழலில் உட்காருங்கள். குறைந்தது 20 நிமிடம். 38, 40 டிகிரி வெயிலில் மெஷின் சுமந்தவனுக்கும் அந்த 20 நிமிடம் வேண்டியதுதான். ஆறியதா என்று தெரிய, தொட்டுப் பார்க்க வேண்டாம். புறங்கையைச் சைலன்சருக்கு ஒரு சாண் தள்ளிக் காட்டுங்கள். அனல் அடித்தால் இன்னும் பொறுங்கள்.

நான்காவது, முதுகில் சுமக்கிற மெஷினையும் ஸ்பிரேயரையும் முதுகில் இருக்கும்போதே இன்னொருவர் பின்னாலிருந்து பெட்ரோல் ஊற்றுவது கூடவே கூடாது. சிந்தினால் முதுகோடு சட்டையும் நனையும். பற்றினால் வாரைக் கழற்ற நேரம் இருக்காது. இறக்கி வைத்துத்தான் ஊற்ற வேண்டும்.

ஐந்தாவது, புனல் வைத்து ஊற்றுங்கள். மூடியை ஒரே திருகாகத் திறக்காமல் கொஞ்சம் தளர்த்தி, உள்ளே இருக்கிற ஆவி வெளியேறிய பிறகு முழுவதும் திறங்கள். சிந்தினால் துணியால் துடைத்துக் காய விடுங்கள். அடுத்துப் பெட்ரோல் கேனை அந்த இடத்திலேயே மூடி வைத்து விட்டு, மெஷினைப் பத்தடி தள்ளிக் கொண்டு போய் ஸ்டார்ட் செய்யுங்கள். ஊற்றிய இடத்திலேயே கயிறு இழுக்கிற பழக்கத்தை இன்றோடு விட்டு விடுங்கள்.

ஆறாவது, ஸ்டார்ட் ஆகாத என்ஜினுக்குக் கார்புரேட்டரில் பெட்ரோல் ஊற்றி இழுக்கிற வழக்கம் பல ஊரில் இருக்கிறது. ஒரு முறை பின்னடித்தால் நெருப்பு முகத்துக்கு வரும். பிளக்கைக் கழற்றித் துடைத்துப் பாருங்கள், ஃபில்டரைப் பாருங்கள். அதற்கும் கேட்காவிட்டால் மெக்கானிக்கிடம் கொண்டு போங்கள்.

பெட்ரோலை எதில் வைப்பது என்பதும் முக்கியம். தண்ணீர் பாட்டிலில் வாங்கிப் போய் வரப்பில் வைப்பதைப் பார்க்கிறோம். தாகத்தில் யாராவது எடுத்துக் குடித்து விடுவார்கள், வெயிலில் மூடி பிதுங்கி ஒழுகவும் செய்யும். 1934-ஆம் வருஷத்துப் பெட்ரோலியச் சட்டம், விற்பனைக்கு இல்லாமல் சொந்த உபயோகத்துக்கு 30 லிட்டர் வரை உரிமம் இல்லாமல் வைத்துக்கொள்ள இடம் கொடுக்கிறது. ஆனால் கண்ணாடி, பீங்கான் பாத்திரம் என்றால் ஒரு லிட்டருக்கு மேல் கூடாது, உலோகப் பாத்திரம் என்றால் 25 லிட்டருக்கு மேல் கூடாது, இறுக மூடியிருக்க வேண்டும் என்கிறது. ஆகவே இறுகிய மூடியுள்ள ஒரு தகரக் கேன் வாங்கி, சிவப்பு வண்ணம் அடித்து, நிழலில் வையுங்கள். பங்கில் நிரப்பும்போது கேனை வண்டி மேல் வைக்காமல் தரையில் இறக்கி வையுங்கள். உராய்வில் உண்டாகும் மின்பொறியைத் தவிர்க்க அதுதான் வழி.

பவர் டில்லர், டிராக்டர், தண்ணீரால் குளிரும் ஆயில் என்ஜின் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. என்ஜின் சூடேறி ஆவி கக்குகிறது என்று உடனே ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். உள்ளே அழுத்தத்தில் அடைபட்ட தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடி திறந்த நொடியில் ஆவியாகிப் பீறிட்டு முகத்தில் அடிக்கும். கண் போய் விடும். அரை மணி நேரம் ஆற விட்டு, ஈரச் சாக்கை மடித்து மூடி மேல் போட்டு, முகத்தை ஒதுக்கிக்கொண்டு, மெதுவாகத் தளர்த்துங்கள். பழைய ஆயிலை வடிக்கிறபோதும் இதே மாதிரிதான். வெதுவெதுப்பாக இருந்தால் போதும், கொதிக்கக் கொதிக்க வடிக்க வேண்டாம்.

சூடு மனிதனை மட்டுமா சுடும்? மாசி, பங்குனியில் காடு காய்ந்து கிடக்கும். காய்ந்த புல்லும் சருகும் சைலன்சரைச் சுற்றி அடைந்து கொண்டால் அதுவே திரி. ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும், ஆறிய பிறகு, ஒரு குச்சியால் அந்தக் குப்பையைத் தள்ளி விடுங்கள். சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் சூடான மெஷினைச் சோள நாத்துப் படப்புக்குப் பக்கத்திலோ, கூரைச் சாய்ப்புக்குள்ளோ தள்ளி விடாதீர்கள். ஒரு வருஷத்து மாட்டுத் தீவனம் படப்பில் இருக்கிறது. முற்றத்தில் வெறுந்தரையில் நிறுத்தி, நன்றாக ஆறிய பிறகு உள்ளே வையுங்கள்.

முற்றத்தில் நிறுத்தினால் பிள்ளைகள் வருவார்களே என்று தாய்மார்கள் கேட்பீர்கள். சரியான கேள்வி. புது மெஷின் என்றால் பிள்ளைகளுக்கு அது ஒரு விளையாட்டுச் சாமான். பெரியவர்கள் தோலைவிடப் பிள்ளைகள் தோல் மெல்லியது, அதே சூட்டில் இன்னும் சீக்கிரமாக, இன்னும் ஆழமாக வேகும். ஆகவே ஆறுகிற வரை ஒரு பெரியவர் பக்கத்தில் இருக்க வேண்டும், அல்லது சைலன்சர் சுவரைப் பார்க்கும்படி நிறுத்திக் குறுக்கே ஒரு கட்டிலைப் போட வேண்டும். மெஷின் வாங்கும்போது சைலன்சர் மேல் கம்பிவலை அல்லது தகடு மறைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். கழன்று விட்டால் தூக்கி எறியாமல் திரும்ப மாட்டுங்கள். அதன் விலை சொற்பம்.

துணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நைலான், பாலியெஸ்டர் துணி எரிந்தால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். மெஷின் ஓட்டுகிறவர் மடித்துக் கட்டிய வேட்டி, லுங்கியோடு நிற்காமல், கணுக்கால் வரை மூடிய பருத்திக் கால்சட்டையும் காலுக்கு மூடிய செருப்பும் போட வேண்டும். நெசவுக்குப் பேர் போன அருப்புக்கோட்டையில் பருத்தித் துணிக்கா பஞ்சம்? பெட்ரோல் பட்ட துணியை, காய்ந்து விட்டது என்று போட்டுக்கொண்டே இருக்காமல் உடனே மாற்றி விடுங்கள்.

இத்தனையும் மீறிப் பற்றி விட்டால் என்ன செய்வது?

உடம்பில் பற்றினால் ஓடக் கூடாது. ஓடினால் காற்றுப் பட்டு நெருப்பு வளரும். நின்ற இடத்தில் விழுந்து, முகத்தைக் கையால் மூடிக்கொண்டு உருள வேண்டும். பக்கத்தில் இருப்பவர் ஈரச் சாக்கையோ ஜமுக்காளத்தையோ போட்டு அமுக்க வேண்டும். மெஷினில் பெட்ரோல் எரிந்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். பெட்ரோல் தண்ணீர் மேல் மிதந்து நெருப்பைப் பரப்பும். மணல்தான் அணைக்கும். ஆனால் நம் கரிசல் மண் காய்ந்தால் கட்டி, நனைந்தால் சேறு. அவசரத்துக்கு அள்ளிப் போட உதவாது. அதனால் ஓடை மணல் ஒரு வாளி கூடவே கொண்டு போங்கள்.

வெந்த இடத்துக்கு முதல் மருந்து தண்ணீர்தான். உடனே, தொடர்ந்து 20 நிமிடம் ஊற்ற வேண்டும். காயம் பட்டு மூன்று மணி நேரத்துக்குள் ஊற்றினாலும் பலன் உண்டு. "காட்டில் குடிக்கவே தண்ணி இல்லை, 20 நிமிஷத்துக்கு எங்கே போக?" என்று கேட்பீர்கள். ஒரு குடம் நல்ல தண்ணீரைச் சீசாவாலோ டம்ளராலோ மெல்லிய தாரையாக ஊற்றினால் வெகு நேரம் வரும். கீழே ஒரு சட்டியை வைத்து, அதில் விழுந்த தண்ணீரிலேயே கையை அமிழ்த்தி வைக்கலாம். மெஷின் போகிற காட்டுக்கு ஒரு குடம் கூடுதலாகப் போகட்டும். மருந்து கலக்கிய டிரம் தண்ணீரை மட்டும் தொடாதீர்கள். ஐஸ் வைக்கக் கூடாது. பெரிய காயமானால், அதிலும் பிள்ளையானால், வெந்த இடத்தை மட்டும் நனைத்து மற்ற உடம்பைப் போர்த்தி வையுங்கள்.

பேனா மை, பற்பசை, தோசை மாவு, மஞ்சள், எண்ணெய் எதுவும் தடவ வேண்டாம். அவை சூட்டை உள்ளே அடைத்து விடும், சீழும் பிடிக்கும். டாக்டருக்குக் காயம் எவ்வளவு ஆழம் என்றும் தெரியாது. வீங்குவதற்கு முன்பே மோதிரம், வளையல், மெட்டி, அரைஞாண் கயிறு எல்லாவற்றையும் கழற்றி விடுங்கள். ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள். சுத்தமான பருத்தித் துணியால் தளர்வாக மூடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

காயம் பட்டவருடைய உள்ளங்கை, விரல்களோடு சேர்த்து, அவர் உடம்பில் சுமார் நூற்றில் ஒரு பங்கு. காயம் அதைவிடப் பெரிதாக இருந்தாலும், முகம், கை, பாதம், மூட்டு, மறைவிடம் ஆகியவற்றில் இருந்தாலும், பிள்ளைகள், வயதானவர்கள், சர்க்கரை நோய்க்காரர்கள் ஆனாலும் வீட்டு வைத்தியம் வேண்டாம். இன்னொன்று: வெந்த இடம் வெளுத்தோ கருகியோ போய் வலியே இல்லை என்றால் சந்தோஷப்படாதீர்கள். நரம்பும் வெந்து போனதால்தான் வலிக்கவில்லை. அதுதான் ஆழமான காயம். நம் மாநிலத்தில் 2008-லிருந்து 108 ஆம்புலன்ஸ் ஓடுகிறது, காசு கிடையாது. அருப்புக்கோட்டையிலும் திருச்சுழியிலும் அரசு மருத்துவமனை இருக்கிறது. 2022-ல் திறந்த விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியும், மதுரை இராஜாஜி மருத்துவமனையும் பெரிய காயத்துக்கு இருக்கின்றன. சின்னக் காயமானாலும் தடுப்பூசி போட வேண்டுமா என்று கேட்டு வாருங்கள். மண்ணில் வேலை செய்கிறவர்களுக்கு வில்வாதக் கிருமி பயம் உண்டு.

உழவர் பெருமக்களே, ஒரு ஏக்கர் களை இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு எடுக்கலாம். வெந்து சுருங்கிய விரல் திரும்ப நீளாது. அந்தக் கையால்தான் அடுத்த வருஷமும் விதைக்க வேண்டும். டேங்க் தீர்ந்தால் மெஷினை இறக்கி வையுங்கள், 20 நிமிடம் பொறுங்கள், பிறகு ஊற்றுங்கள். இதை உங்களிடம் வேலைக்கு வருகிறவர்களுக்கும், மெஷின் ஓட்டப் பழகுகிற இளவட்டங்களுக்கும் எடுத்துச் சொல்லுங்கள்.